ஈ.எஸ்.ஐ. பிடிச்சாங்க, ஆனா கட்டலையா? ரீஃபண்டோட விட்டுடாதீங்க!



திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனியில வேலை. சம்பள சிலிப்பில் மாசாமாசம் ஈ.எஸ்.ஐ. பிடித்தம் இருக்கு. காய்ச்சல்னு டிஸ்பென்சரிக்குப் போனா, "உங்க பேர்ல பணமே கட்டலையே" என்கிறார்கள். ஆபீஸ்ல கேட்டா, "சரி, பிடிச்ச காசைத் திருப்பித் தந்துடறோம்" என்று பதில் வருகிறது. நியாயமாத்தானே தெரியுது?

இல்லை. கணக்கைப் பாருங்க.

சம்பளம் 20,000 ரூபாய்னு வைப்போம். உங்க பங்கு 0.75 சதவீதம், அதாவது 150 ரூபாய். கம்பெனி பங்கு 3.25 சதவீதம், 650 ரூபாய். 6 மாசத்துக்கு உங்க காசு 900. கம்பெனி போட வேண்டியது 3,900. அந்த 900-ஐ வாங்கிட்டு நீங்க அமைதியானா, 3,900 கம்பெனிக்கு மிச்சம். உங்களுக்கோ, குடும்பத்துக்கான மருத்துவமும் போச்சு, உடம்பு முடியாம லீவு போட்டா கிடைக்கிற 70 சதவீத சம்பளமும் போச்சு.

அதனால கேக்க வேண்டியது ரீஃபண்ட் இல்லை. "பழைய பாக்கியை என் பேர்ல கட்டுங்க" என்பதுதான்.

இதுக்குச் சட்டம் நம்ம பக்கம்தான் இருக்கு. முதலாளி கட்டாததால் தொழிலாளிக்குப் பலன் நின்றுபோனால், ஈ.எஸ்.ஐ. கார்ப்பரேஷனே அதைக் கொடுத்துவிட்டு முதலாளியிடம் வசூலிக்கலாம் என்று 1948-ஆம் வருடச் சட்டத்தின் 68-ஆவது பிரிவே வழி வைத்தது. பிடித்த பங்கைக் கட்டாமல் வைத்துக்கொள்வது பாரதிய நியாய சன்ஹிதாவின் 316-ஆவது பிரிவில் நம்பிக்கை மோசடி.

ரீஃபண்ட் சரியான இடமும் உண்டு. சேரும்போதே சம்பளம் 21,000-க்கு மேல் இருந்து, தவறுதலா பிடிச்சுக் கட்டியிருந்தா, எழுத்தில் விண்ணப்பிக்கலாம். தள்ளிப்போடாதீங்க, அதுக்குக் காலக்கெடு உண்டு. ஆனா நடுவுல இன்க்ரிமென்ட் வந்து 21,000-ஐத் தாண்டினால், செப்டம்பர் அல்லது மார்ச் முடியும் வரை பிடிப்பதுதான் முறை. கவரேஜும் தொடரும்.

வேலை போயிடுமோன்னு பயமா? நியாயமான பயம்தான். உங்க லைன்ல இருக்கிற நாலு பேர் சேர்ந்து போங்க. சம்பள சிலிப், பேங்க் ஸ்டேட்மென்ட் நகலோட ஈ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில் எழுத்தில் புகார் கொடுத்து, கையெழுத்திட்ட நகலை வாங்கி வைங்க.

அதுக்கு முன்னாடி, இன்னைக்கே உங்க இன்ஷூரன்ஸ் நம்பரைப் போட்டு ஈ.எஸ்.ஐ. இணையதளத்தில் பாருங்க. ஒவ்வொரு மாசப் பணமும் அடுத்த மாசம் 15-ஆம் தேதிக்குள் ஏறியிருக்கணும். ஆஸ்பத்திரி வாசல்ல நின்னு தெரிஞ்சுக்கிற விஷயம் இல்லை இது.