வலித்தது, "வலிக்கவில்லை" என்றார்!

அவர் உயரம் 7 அடி 1 அங்குலம்!

வாசலில் குனிந்துதான் நுழைய வேண்டும். ஒரு சிறு துள்ளல் போதும். 10 அடி உயரத்தில் தொங்கும் கூடை கைக்கு வந்துவிடும்.

அவர் பெயர் சாம் போவி. அமெரிக்காவில் கென்டக்கி பல்கலைக்கழகத்தின் கூடைப்பந்து ஆட்டக்காரர்.

அமெரிக்காவில் கூடைப்பந்து ஒரு பெரிய தொழில். கல்லூரியில் நன்றாக ஆடும் வாலிபர்களைத் தொழில்முறைக் குழுக்கள் ஆண்டுக்கு ஒரு முறை, ஒன்றன்பின் ஒன்றாகத் தேர்ந்தெடுக்கின்றன. இதற்கு "டிராப்ட்" என்று பெயர்.

1984-ம் ஆண்டு ஜூன் 19-ந் தேதி அந்தத் தேர்வு நடந்தது. முதல் வாய்ப்பு யாருக்கு என்பதை முன்பே நாணயம் சுண்டிப் பார்த்து முடிவு செய்திருந்தார்கள். ஹூஸ்டன் குழு வென்றது. அது நைஜீரியாவில் இருந்து வந்த அகீம் ஒலாஜுவானை எடுத்தது.

இரண்டாவது வாய்ப்பு போர்ட்லண்டு குழுவுக்கு. அது சாம் போவியை எடுத்தது.

மூன்றாவதாக சிகாகோ குழு ஒருவரை எடுத்தது. அவர் யார் தெரியுமா?

மைக்கேல் ஜோர்டான்!

ஏழு மணி நேரச் சோதனை

போர்ட்லண்டு கண்ணை மூடிக்கொண்டு எடுக்கவில்லை. ஜோர்டானைப் போல ஓடி ஆடும் கிளைடு டிரெக்ஸ்லர் அங்கே ஏற்கனவே இருந்தார். கூடையின் அடியில் மலை போல் நிற்க ஒருவர் இல்லை. பில் வால்டன் என்ற நெடிய மனிதரை வைத்துத்தான் 1977-ல் அந்தக் குழு பட்டம் வென்றது. அந்த நினைப்பு போகவில்லை.

போவியின் காலில் ஒரு குறை இருந்தது. இடது முழங்காலுக்குக் கீழே எலும்பில் முறிவு. அதனால் கல்லூரியில் இரண்டு ஆண்டுகள் முழுவதும் அவர் ஆடவே இல்லை.

ஆகவே டாக்டர்கள் ஏழு மணி நேரம் சோதித்தார்கள். சிறு சுத்தியலால் காலில் தட்டி, "வலிக்கிறதா?" என்று கேட்டார்கள்.

"வலிக்கவில்லை" என்றார் போவி.

உண்மையில் வலித்தது!

28 ஆண்டுகள் கழித்து, 2012-ல், அவரே இதை ஒப்புக்கொண்டார். அன்புக்கு உரியவர்கள் தேவையில் இருக்கும்போது, தன் நிலையில் யாராக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பார்கள் என்றார்.

பிறகு என்ன நடந்தது? முதல் ஆண்டில் 76 ஆட்டங்கள் ஆடினார். அடுத்த ஆண்டு 38. அதற்கு அடுத்த ஆண்டு வெறும் 5. கால் எலும்பு மீண்டும் மீண்டும் முறிந்தது. போர்ட்லண்டுக்காக அவர் ஆடியது மொத்தம் 139 ஆட்டங்களே.

ஜோர்டான் சிகாகோவுக்கு 6 பட்டங்கள் வாங்கிக் கொடுத்தார்.

யார் மீது குற்றம்?

"பொய் சொன்னவர் மீதுதான்" என்று சிலர் சொல்லலாம். அது சரியல்ல.

உண்மை சொன்னால் பெரும் பணம் கைநழுவும். பொய் சொன்னால் குடும்பம் பிழைக்கும். இப்படி ஒரு நிலையில் 23 வயது வாலிபரை நிறுத்திவிட்டு, அவர் வாயிலிருந்தே உண்மையை எதிர்பார்ப்பது என்ன நியாயம்?

சந்தையில் மாடு வாங்குகிறவர் கொம்பின் அழகில் மயங்குவதில்லை. பல்லைப் பார்ப்பார். நடக்க விட்டுப் பார்ப்பார். மாட்டிடம் கேட்க மாட்டார்! போவி இரண்டு ஆண்டுகள் உட்கார்ந்திருந்ததே போதிய சாட்சி. தேவை கண்ணை மறைத்தது.

சுட்டும் புத்தி வரவில்லை. 2007-ல் அதே போர்ட்லண்டு, 7 அடி கிரெக் ஓடனை முதலாவதாக எடுத்தது. கல்லூரியில் அவர் ஆடியது ஒரே ஆண்டு. சில மாதங்களில் முழங்காலில் அறுவை சிகிச்சை. அந்தக் குழுவுக்காக அவர் ஆடியது 82 ஆட்டங்கள். அது ஒரே ஒரு பருவத்தின் கணக்கு! இரண்டாவதாகப் போன கெவின் டுரான்ட், பின்னர் பெரும் புகழ் பெற்றார்.

எப்படிப் பார்க்க வேண்டும்?

நெட்டையர்கள் எல்லாரும் நொண்டிகள் அல்ல. டிம் டங்கன் 6 அடி 11 அங்குலம். கல்லூரியில் நான்கு ஆண்டுகளும் ஆடினார். 1997-ல் சான் அந்தோணியோ குழு அவரை முதலாவதாக எடுத்தது. அவர் 19 பருவங்கள் ஆடி, 5 பட்டங்கள் வென்றார்.

நெடிய வாலிபரைத் தேர்ந்தெடுக்கிறவர்கள் முதலில் காலைப் பார்க்கட்டும். தலையைப் பிறகு பார்க்கலாம். எத்தனை புள்ளி எடுத்தார் என்பதற்கு முன், எத்தனை நாள் ஆடினார் என்று எண்ணட்டும்.

இன்னொன்று: "வலிக்கிறது" என்று சொல்லும் வாலிபரின் பிழைப்பு போய்விடாது என்று உறுதி கொடுக்கட்டும். வைத்தியமும் கூலியும் உண்டு என்றால், எவரும் வலியை மறைக்க மாட்டார்.

உயரத்தை அளக்க நாடா போதும். உண்மையை அறிய, உண்மை சொன்னவருக்குச் சோறு போட வேண்டும்!