கம்பி பூமிக்குள் போகட்டும்!

புயல் வருகிறது என்றால் முதலில் போவது எது? கரண்டு!

2018-ம் ஆண்டு நவம்பர் 16-ந் தேதி அதிகாலையில் "கஜா" புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தது. நாகப்பட்டினம், திருவாரூர், தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்கள் நிலைகுலைந்தன. லட்சத்துக்கும் மேற்பட்ட மின்சாரக் கம்பங்கள் சாய்ந்தன. தென்னை மரங்கள் விழும்போது கம்பிகளையும் சேர்த்து இழுத்துக்கொண்டு விழுந்தன. பல கிராமங்களில் வாரக்கணக்கில் விளக்கு எரியவில்லை.

"மெழுகுவர்த்தி இருக்கிறதே" என்று சிலர் கேட்கலாம். வெளிச்சம் மட்டுமா பிரச்சினை? மோட்டார் ஓடினால்தானே தொட்டியில் தண்ணீர் ஏறும்! கைக்குழந்தை வைத்திருக்கும் தாய் குடத்தைத் தூக்கிக்கொண்டு எங்கே போவாள்? ஜெனரேட்டரை வாடகைக்கு எடுத்துத் தண்ணீர் ஏற்றிய ஊர்களும் உண்டு. ஐஸ் கிடைக்காவிட்டால் மீனவர் பிழைப்பும் போச்சு.

வெளி மாநில ஊழியர்களும் வந்து, சேற்றில் நின்று கம்பம் நட்டார்கள். அவர்களைக் கையெடுத்துக் கும்பிடலாம். ஆனால் அந்தக் கம்பம் அடுத்த புயலுக்கு நிற்குமா?

கம்பியைப் பூமிக்கு அடியில் புதைத்துவிட்டால் காற்று அதை என்ன செய்யும்? விசாகப்பட்டினத்தை 2014 அக்டோபரில் "ஹுத்ஹுத்" புயல் தாக்கியது. பிறகு அங்கே உலக வங்கிக் கடன் உதவியுடன் தரையடிக் கேபிள் போட்டார்கள். தமிழ்நாட்டில் கடலூர், நாகப்பட்டினம், வேளாங்கண்ணி ஊர்களிலும் இந்த வேலை எடுத்துக்கொள்ளப்பட்டது.

தொல்லையும் உண்டு

செலவு பல மடங்கு ஆகும். பழுது எங்கே என்று கண்ணுக்குத் தெரியாது. கருவி வைத்துத் தேடித் தோண்ட வேண்டும். குழாய் போட வருகிறவர் கடப்பாரையைக் கேபிளில் இறக்கிவிடுவார். (இதற்குப் புயலே தேவை இல்லை!) தெருவோர மின்பெட்டியைத் தாழ்வாக வைத்தால் வெள்ளம் புகுந்துவிடும். உயரமான மேடை கட்டித்தான் வைக்க வேண்டும்.

ஆகவே, எல்லாக் கம்பியையும் புதை என்று கேட்பது நடக்கிற காரியம் அல்ல. ஆஸ்பத்திரி, குடிநீர் மோட்டார், புயல் பாதுகாப்பு மையம். இந்த மூன்றுக்கும் போகிற கம்பியை முதலில் புதைக்கட்டும். துணை மின்நிலையத்தில் இருந்து வாசல் வரை முழுவதும் புதைக்க வேண்டும். நடுவில் ஒரு கிலோமீட்டர் மேலே போனாலும் வீண். அங்கே ஒரு தென்னை விழுந்தால் போதுமே!

கஜாவுக்குப் பிறகு நகரங்களுக்கு முதலில் கரண்டு வந்தது, குக்கிராமங்கள் கடைசி. புதைப்பதிலும் அதே வரிசை வேண்டாம். கடலோரக் குப்பங்களில் இருந்து ஆரம்பிக்கட்டும். ஐப்பசி மழை பிடித்துவிட்டால் தோண்ட முடியாது. மாசியிலேயே மண்வெட்டியை எடுக்க வேண்டும்.