ஏவலும் அடையும்

(பயிற்றப்பட்ட தமிழாசிரியர் ஒருவர் எழுதியது)

'வா', 'நட', 'கொடு' எனப் பகுதியே வினைமுற்றாய் நின்று பிறரைப் பணிகொள்ளுதல் தமிழின் ஏவல் வினைக்குரிய இயல்பு. இதனை ஆண்டுதோறும் மாணாக்கர்க்கு விளக்கிவரும் யான், அவ்விலக்கணம் கணிப்பொறிக்கும் உரியதென்பதனை அண்மையிலேதான் உணர்ந்தேன். ஜூபிலி மலரிலே தமிழாசிரியனுக்குக் கணினியைப் பற்றிய பேச்சு எதற்கு என்று பழைய மாணவர் சிலர் வினவக்கூடும். கருவி கணினியாயினும் வழக்குத் தமிழைப் பற்றியது, ஆதலின் பொறுத்தருள்க.

இம்மலர்க்கெனப் பழைய மலர்களிலிருந்து கட்டுரைகளைத் தொகுக்கும் பணி என்னிடம் ஒப்படைக்கப்பட்டது. அச்சிட்ட பிரதிகள் பல கைக்கெட்டவில்லை. கிடைத்தவை, பாமினி எழுத்துருவிலே தட்டெழுதப்பெற்று வட்டுகளிற் கிடந்த நூற்றுக்கு மேற்பட்ட கோப்புகள். பாமினி, ஆங்கில எழுத்துகளுக்குரிய எண்களின்மேல் தமிழ் உருவங்களை ஏற்றிவைத்த எழுத்துரு. அவ்வெழுத்துரு இல்லாத கணினியிற் கோப்பைத் திறந்தால், நம் ஆசிரியப் பெருமக்கள் எழுதிய கட்டுரை பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாய்த் தோன்றும். தமிழுக்கு யூனிகோட்டில் 1991இலேயே இடம் வகுக்கப்பட்டது. எனினும் அதற்குப் பின்னரும் நெடுங்காலம் ஈழத்தில் எழுதப்பட்டவற்றுள் பெரும்பகுதி இத்தகைய எழுத்துருக்களிலேயே சிறைப்பட்டுக் கிடக்கின்றது. வட்டுகளோ ஆண்டுதோறும் பழுதாகின்றன.

பிறநாட்டில் வாழும் பழைய மாணவர் ஒருவர் அன்புகூர்ந்து ஒரு மாற்றிச் செயலியை ஆக்கி அனுப்பினார். அழகிய சாளரம், தமிழிலே பெயரிட்ட பொத்தான்கள். ஒரு கோப்பைத் திறத்தல், 'மாற்று' என்னும் பொத்தானை அழுத்துதல், பெயரிட்டுச் சேமித்தல், மீண்டும் அடுத்ததைத் திறத்தல் என்றவாறு மேல்வகுப்பு மாணாக்கர் மூவர் மாலைதோறும் அமர்ந்து செய்தனர். நான்காம் நாள் ஒருவன், "ஐயா, நாங்கள் கணினியை வேலை வாங்குகிறோமா, கணினி எங்களை வேலை வாங்குகிறதா?" என்று கேட்டான். அவ்வினாவே இக்கட்டுரைக்கு வித்து.

நம் வாவியின் மேற்கே படுவான்கரையில் வயல் செய்த குடும்பத்தார்க்கு இதனை விளக்க வேறுவமை வேண்டுவதில்லை. விடியற்காலையிற் போடியார் முல்லைக்காரனை அழைத்து, "மேல் வட்டைக்குத் தண்ணீர் கட்டு; பள்ளக்காணியை விட்டுவிடு; பொழுது சாயுமுன் வந்து சொல்லு" என்பார். அவர் வரம்புக்கு வரம்பு நின்று, 'இதைத் திற, அதை அடை' என்று விரல் நீட்டிக்கொண்டிருப்பதில்லை. 'கட்டு' என்பது ஏவல். 'மேல் வட்டை' அவ்வேவல் சென்று சேரும் இடம். 'பள்ளக்காணியை விட்டுவிடு' என்பது ஏவலை வரையறுக்கும் அடை. சுட்டியும் பொத்தானும் விரல் நீட்டும் முறை. கட்டளை வரியோ சொல்லி அனுப்பும் முறை. அங்கே செயலியின் பெயர் ஏவலாகும். கோப்பின் பெயர் பொருளாகும். சிறு கோடிட்டு வரும் தெரிவுகள் அடையாகும். 'மாற்று --விலக்கு=ஆங்கிலம் மலர்கள்' என ஒரு வரி எழுதினால், மலர்கள் என்னும் கோப்புறை முழுவதையும் செயலி தானே மாற்றிவைத்தல் கூடும்.

யான் அம்மாணவர்க்குக் கடிதம் எழுதி, கட்டளை வரியையும் ஏற்குமாறு செயலியைத் திருத்தித்தர வேண்டினேன். "இக்காலத்தில் யார் ஐயா கட்டளை தட்டுகிறார்கள்? அது பழைய முறை" என்பது அவர் முதல் மறுமொழி. பழையதுதான். 1969இல் பெல் ஆய்வுகூடத்திலே தொடங்கிய யூனிக்சுக் காலத்தது அம்முறை. ஆயினும் பழைமை மட்டும் ஒன்றைத் தள்ளுதற்குக் காரணமாகாது என்பதை நன்னூல் கற்பிப்பவன் சொல்லவேண்டியதில்லை. அன்றியும், அவர் கருதியதினும் இம்முறை புதுமை உடையது என்பதற்கு அவர் கையாண்ட சட்டகமே சான்று.

அவர் செயலியை எழுதிய சட்டகம் 'கியூட்' எனப்படுவது. நோர்வே நாட்டிலே தோன்றி 1995இல் வெளியிடப்பட்ட இது சாளரங்களையும் பொத்தான்களையும் ஆக்கித்தருவதற்கென்றே எழுந்தது. நெடுங்காலம் அச்சட்டகம், பயனர் கட்டளை வரியில் எழுதிய சொற்களை வரிசையாக எடுத்துக் கொடுத்ததேயன்றி, இது தெரிவு, இது கோப்பு எனப் பகுத்துப் பொருள் கூறவில்லை. அதனால் ஒவ்வொரு செயலியாளரும் தமக்குத் தாமே ஓர் இலக்கணம் வகுத்தனர். ஒருவர் செயலியில் 'உதவி' கேட்க ஒற்றைக்கோடு. மற்றொருவர் செயலியில் இரட்டைக்கோடு. வேறொருவர் செயலியில் உதவியே இல்லை. கியூட்டின்மீது எழுந்த கே.டி.இ. என்னும் மேசைச்சூழல் இக்குறையை நீக்கத் தனக்கென ஒரு பகுப்பு உறுப்பை வைத்திருந்தது. ஜீனோம் சூழலுக்கு அடிப்படையான ஜீலிப் நூலகம் 2004இலேயே அத்தகையதொன்றைப் பெற்றது. ஈற்றில், 2013 டிசெம்பரில் வெளிவந்த கியூட் 5.2 பதிப்பிலே கட்டளை வரியைப் பகுக்கும் உறுப்பு சட்டகத்துக்கே உரியதாயிற்று. 2014 யூலையில் வெளிவந்த கே.டி.இ. சட்டகங்கள் தம் பழைய உறுப்பை ஒதுக்கி இதனையே மேற்கொண்டன. சாளரத்துக்கென்றே பிறந்த சட்டகம் பதினெட்டு ஆண்டுகள் கழிந்தபின் ஏவலிலக்கணத்தை ஏற்றதென்றால், 'யார் தட்டுகிறார்கள்' என்ற வினாவுக்கு விடை அதுவே.

சட்டகத்துள் இவ்வுறுப்பு இருத்தலின் நன்மை யாது? செயலியாளர் தெரிவின் பெயரையும் விளக்கத்தையும் மட்டும் அறிவித்தால் போதும். உதவிக்குறிப்பைச் சட்டகமே தொகுத்துக் காட்டும். அறியாத தெரிவை எழுதினால் பிழையென்று கூறி நிறுத்தும். தனித்து வரும் இரட்டைக்கோட்டுக்குப் பின் நிற்பவை யாவும் கோப்புகளே எனக் கொள்ளும். ஒரு செயலியைக் கற்றவன் மற்றொன்றையும் கற்றவனாவான். பொது இலக்கணத்தின் பயன் இதுவன்றோ!

இனித் தமிழர்க்கேயுரிய இடர்கள் சிலவுள. முதலாவது கோப்பின் பெயர். விண்டோசிலே தமிழுக்குத் தனியான பழைய எட்டுப்பிற்றுக் குறிமுறை எக்காலத்தும் அமைந்ததில்லை. யூனிகோட் ஒன்றே வழி. ஆகவே பழைய முறையாற் கட்டளைச் சொற்களை வாங்கும் செயலிக்கு 'மலர்' என்னும் கோப்புப் பெயர் வினாக்குறிகளின் வரிசையாய்ச் சென்று சேரும். கியூட் போன்ற சட்டகம் யூனிகோட் வடிவிலேயே அவற்றை வாங்கித்தருவதால் இவ்விடர் நீங்கும். தானே கையாற் பகுக்க முயல்வோர் பெரும்பாலும் இங்கேதான் இடறுவர்.

இரண்டாவது தெரிவின் பெயர். உலக வழக்கான ஆங்கிலப் பெயரே இருக்கட்டும் என்பர் சிலர். தமிழே வேண்டும் என்பர் சிலர். என் கருத்து, இரண்டும் வேண்டும் என்பது. ஒரே தெரிவுக்குப் பல பெயர் சூட்டச் சட்டகம் இடந்தருகிறது. ஆனால் தமிழ்ப்பெயர் சூட்டுவோர் இரண்டினைக் கருத்திற் கொள்க. ஒற்றைக்கோட்டின் பின் வருவனவற்றை அச்சட்டகம் குறியீடு குறியீடாகப் பிரித்து நோக்கும். 'கி' என்னும் உயிர்மெய்யோ கணினிக்குக் ககரமும் இகரக் குறியுமாகிய இரண்டு. ஆதலின் உயிர் வேறு மெய் வேறாய்ச் சிதையும். தமிழ்ப்பெயர்கள் இரட்டைக்கோட்டோடு நீண்ட பெயராக நிற்றலே தக்கது. மேலும், 'கொ' என்பதனை ஒரே ஒகரக் குறியோடும் எழுதலாம். ஒற்றைக் கொம்பையும் காலையும் வெவ்வேறாக இட்டும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு. செயலியாளர் இவற்றை ஒன்றாக்கி ஒப்பிடல் வேண்டும், அன்றேல் அவ்வெழுத்து வாராத பெயரைத் தெரிதல் வேண்டும். பெயர் எம்மொழியிலாயினும் உதவிக்குறிப்பும் பிழைச்செய்தியும் தமிழில் இருத்தல் கட்டாயம். ஏவுபவனுக்கு விளங்காத மொழியிற் பிழை சொல்லும் ஏவலாள் எதற்கு?

கட்டளை வரியாற் கேடே இல்லை என்று சொல்லேன், யானே பட்டவன். அம்மாணவர் மனமிசைந்து புதிய பதிப்பை அனுப்பினார். ஆர்வத்தாற் கோப்புறை முழுவதற்கும் ஒரே வரியில் ஏவினேன். சில நிமிடங்களில் யாவும் மாறின. திறந்து பார்த்தபோது தமிழ் செவ்வையாய் வந்திருந்தது. இடையிடையே இருந்த ஆங்கிலப் பெயர்களும் தலைப்புகளுமோ உளறலாயிருந்தன. பாமினியிலே ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும் எண்கள் ஒன்றே ஆதலின், செயலி ஆங்கிலத்தையும் தமிழென்றே கொண்டுவிட்டது. ஒவ்வொன்றாய்ச் செய்திருந்தால் முதற் கோப்பிலேயே கண்டிருப்போம். மூலக் கோப்புகளுக்கு மாணாக்கர் முன்னரே படி எடுத்து வைத்திருந்தமையாற் பிழைத்தோம். போடியாரின் ஒரு சொல் தவறினால் வட்டை முழுவதும் மூழ்கும். ஆகையால் 'விலக்கு' போன்ற அடைகள் வேண்டும். செய்யாமல் 'என்ன செய்வேன்' என்று மட்டும் சொல்லும் ஒத்திகைத் தெரிவு வேண்டும். பழைய கோப்பின்மேல் எழுதாமை செயலியின் இயல்பாய் இருத்தல் வேண்டும். மறுமுறை இவற்றோடு ஏவியபோது ஒரு மாலையிற் பணி முடிந்தது. மிகுந்த மாலைகளை மாணாக்கர் மெய்ப்புப் பார்ப்பதிற் செலவிட்டனர். அஃதன்றோ மனிதர் செய்யவேண்டிய வேலை.

பொத்தான்களை அகற்றுக என்பது என் கருத்தன்று. ஒரு கோப்பை மாற்றுவோர்க்குச் சாளரமே எளிது; என் சக ஆசிரியர் பலர்க்கும் அதுவே உகந்தது. ஆயிரம் கோப்புகளை மாற்றவேண்டிய நூலகத்துக்கும், இரவிலே தானே இயங்கவேண்டிய கணினிக்கும் சாளரம் தடை. ஆகவே ஒரே செயலி இருவாயிலும் உடையதாதல் வேண்டும். கட்டளை வந்திருப்பின் சாளரம் திறக்குமுன் அதனைப் படித்து, பணி முடித்து, அமைதியாக விடைபெறுதல் வேண்டும்.

காரைதீவிலே தோன்றிய விபுலானந்த அடிகளார் 1936இற் சென்னையிற் கூடிய சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். அம்முயற்சியின் பயனாய் 1938இற் கலைச்சொற்கள் நூலுருப் பெற்றன. அன்று தமிழுக்கு வேண்டியிருந்தவை சொற்கள். இன்று அச்சொற்களாற் பொறியை ஏவும் வழியும் வேண்டியிருக்கிறது. தமிழுக்கெனச் செயலி எழுதும் பழைய மாணவர்காள்! உங்கள் சட்டகம் தரும் பகுப்பு உறுப்பைக் கையாளுங்கள். உதவியைத் தமிழிற் கூறுங்கள். ஒத்திகைக்கு இடம் வையுங்கள். பயிலும் மாணாக்கர்காள்! பொத்தானை அழுத்தக் கற்றதோடு நில்லாது ஏவவும் கற்றுக்கொள்ளுங்கள். அடுத்த ஜூபிலி மலரைத் தொகுப்போர், இம்மலரையும் ஒரு வரியில் அழைத்தெடுக்கும் நிலை வாய்ப்பதாக.