நட்பென்னும் பட்டயம்

வல்லரசுகள் பிற நாடுகளுக்கு நட்புப் பட்டயம் வழங்குவது நெறி கருதியன்று, தேவை கருதியே. அமெரிக்கா 2004 சூன் திங்களில் பாக்கித்தானுக்கு 'நேட்டோ சாராத முதன்மைக் கூட்டாளி' என்னும் நிலையை அளித்தது. அந்நாட்டைக் காக்கும் கடமை எதுவும் இதனால் அமெரிக்காவுக்கு நேர்வதில்லை. ஆயின் அமெரிக்கப் படைக்கலங்களைப் பெறுவதில் பாக்கித்தானுக்கு முன்னுரிமை வாய்க்கிறது. ஏழாண்டு கழித்து, 2011 மே 2ஆம் நாள், அமெரிக்கா உலகெங்கும் தேடிய ஒசாமா பின்லாடன் அபோட்டாபாத்தில், பாக்கித்தான் படைப் பயிற்சிக் கழகத்திற்கு அண்மையிலேயே கொல்லப்பட்டான். கொடுஞ்செயற் கும்பல்களுக்குப் புகலிடமான நாட்டிற்குக் கூட்டாளி நிலை எதற்கென்று அமெரிக்கப் பேராய உறுப்பினர் இருவர் 2017இல் சட்டவரைவே கொணர்ந்தனர். அது நிறைவேறவில்லை. 2018 சனவரியில் படையுதவி நிறுத்தப்பட்டது, பட்டயம் பறிக்கப்படவில்லை.

பறிக்க வழியில்லையா? உண்டு. பேராயத்திற்கு முப்பது நாள் முன்னறிவித்தால் போதும். ஆப்கானித்தானின் நிலை 2022 செபுதம்பர் 23இல் அவ்வாறே நீக்கப்பட்டது. அதே திங்களில்தான் பாக்கித்தானின் எப்-16 போர்வானூர்திகளைப் பேணுதற்கு 45 கோடி டாலர் விற்பனைக்கு அமெரிக்கா இசைந்தது. தில்லி சினந்தது. சினந்ததில் பிழையில்லை. புல்வாமாவில் 2019 பிப்ரவரி 14இல் காவற்படையினர் நாற்பதின்மர் மாண்ட மறுநாளே, 1996 முதல் பாக்கித்தானுக்கு அளித்திருந்த வணிகச் சலுகை நிலையைப் பறித்த அரசன்றோ அது!

அதே அளவுகோலை இலங்கைக்கும் எடுக்கச் சொன்னது தமிழ்நாடு. இறுதிப் போரில் 40,000 குடிமக்கள் வரை மாண்டிருக்கக் கூடுமென ஐ.நா. செயலாளர் அமைத்த வல்லுநர் குழு 2011இல் அறிக்கை தந்தது. அடுத்த ஆண்டே சிங்கள வான்படையினர்க்குத் தாம்பரத்தில் பயிற்சி! தமிழ்நாடு கொதித்தெழவே, தில்லி அவர்களைத் திருப்பி அனுப்பவில்லை. பெங்களூரை அடுத்த எலகங்காவிற்கு மாற்றியது. குற்றம் பயிற்சியிலன்று, பயிற்சி நடந்த ஊரில்தான் என்று கருதினர் போலும். இலங்கையை நட்பு நாடாகக் கருதுவதை நிறுத்துக எனத் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் 2013 மார்ச் 27இல் தீர்மானம் இயற்றியது. தில்லி செவிமடுக்கவில்லை. சிங்களப் படைத்தலைவர் சவேந்திர சில்வா தன் மண்ணில் கால்வைக்க அமெரிக்காவே 2020 பிப்ரவரியில் தடை விதித்தது. இந்தியாவோ 2025 ஏப்பிரல் 5இல் கொழும்பில் பாதுகாப்பு ஒத்துழைப்பு உடன்பாட்டில் கையொப்பமிட்டது. அதே நாளில் இந்தியத் தலைமை அமைச்சர்க்குச் சிங்கள அரசு சூட்டிய விருதின் பெயர் 'மித்ர விபூசண'. நண்பர்க்கு அணிகலன் என்று பொருள்.

இந்நட்பின் விலையைக் கும்மிடிப்பூண்டியில் காணலாம். இரும்பாலைப் புகை சூழ்ந்த அத்தொழிற்பேட்டைப் பகுதியில் ஈழத்து ஏதிலியர் முகாம் இருக்கிறது. கடல் கடந்து வந்தோரும் இம்மண்ணிலேயே பிறந்த அவர்தம் மக்களும் வண்ணப்பூச்சு வேலைக்கும் கூலி வேலைக்கும் சென்று வாழ்கின்றனர். 2019ஆம் ஆண்டின் குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாக்கித்தான், ஆப்கானித்தான், வங்காளதேயம் ஆகியவற்றிலிருந்து வந்த முசுலிம் அல்லாதார்க்குக் கதவு திறந்தது. இலங்கையின் பெயர் அப்பட்டியலில் இல்லை. நட்பு நாட்டில் ஒடுக்குமுறை நிகழ்ந்ததென எழுதத் தில்லியின் எழுதுகோல் மறுக்கிறது. ஆகவே கும்மிடிப்பூண்டி முகாமில் பிறந்த பிள்ளைக்கும் ஏதிலி என்பதே பெயர்.