ஊரார் சேர்ந்து மீட்ட அணி

வணிகர்கள் படிக்கும் ஏட்டில் ஐஸ் ஹாக்கிக்கு என்ன வேலை என்று கேட்கத் தோன்றும். பனிக்கட்டித் தரையில் சறுக்கிக்கொண்டே ஆடும் அந்த ஆட்டத்தை நம்மில் பெரும்பாலோர் பார்த்ததுகூட இல்லை. ஆனால் கனடா நாட்டு எட்மன்டன் நகரத்தின் 'ஆயிலர்ஸ்' அணியின் கதை, அசல் வியாபாரக் கதை. நாம் அறிந்துகொள்ள வேண்டிய கதை.

1972-ல் தொடங்கிய அணி அது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் பீட்டர் பாக்லிங்டன் என்ற தொழிலதிபரின் கைக்கு வந்தது. கார் விற்பனையில் தொடங்கியவர் அவர். இறைச்சித் தொழிற்சாலை, நிதி நிறுவனம் எனப் பலவற்றிலும் கால் வைத்தார். 1978-ல் வேய்ன் கிரெட்ஸ்கி என்ற 17 வயது இளைஞரை அணிக்குக் கொண்டுவந்தார். 1984 முதல் 1990 வரை ஐந்து முறை ஸ்டான்லி கோப்பை எட்மன்டனுக்கே வந்தது.

சரக்கு நன்றாக இருந்தது. விற்பனையும் நன்றாக இருந்தது. ஆனாலும் 1988 ஆகஸ்ட் 9 அன்று கிரெட்ஸ்கி லாஸ் ஏஞ்சலஸ் அணிக்கு மாற்றப்பட்டார். பதிலுக்குச் சில ஆட்டக்காரர்களும் ஒன்றரைக் கோடி அமெரிக்க டாலர் ரொக்கமும் வந்தன. ஊரே கொதித்தது. அரசு தலையிட்டுத் தடுக்க வேண்டும் என்று நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர் குரல் கொடுத்தார்.

தொல்லை அதோடு தீரவில்லை. ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் அமெரிக்க டாலரில். டிக்கெட் வசூலோ மதிப்புக் குறைந்த கனடா டாலரில். அதன்மேல் உரிமையாளரின் கடன் சுமை வேறு. கடைசியில் கடன் கொடுத்த மாகாண அரசு வங்கி அணியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரச் செல்வர் ஒருவர் வாங்க முன்வந்தார். அணி ஊரைவிட்டே போகும் நிலை.

அப்போது கைகொடுத்தது ஒரு தாள். உள்ளூரார் ஏழு கோடி அமெரிக்க டாலர் திரட்டினால் அணி அவர்களுக்கே என்ற ஷரத்து, ஆட்ட அரங்கத்தோடு செய்த பழைய ஒப்பந்தத்தில் இருந்தது. பெட்ரோல் பங்க் தொழிலில் வளர்ந்த கால் நிக்கல்ஸ் என்பவர் முன்னின்று உள்ளூர்த் தொழிலதிபர்களைக் கூட்டினார். முப்பதுக்கும் மேற்பட்டோர் பங்கு போட்டு 1998-ல் அணியை மீட்டனர். பத்தாண்டுக் காலம் அணி அவர்களிடம் இருந்தது. 2006-ல் இறுதிப்போட்டி வரையும் சென்றது.

2008-ல் மருந்துக்கடை வணிகரான டாரில் காட்ஸ் 20 கோடி கனடா டாலருக்கு வாங்கினார். பங்குதாரர்கள் இப்படி ஒருவர் கையில் கொடுத்தது சரியா என்று கேட்பவர் உண்டு. போட்ட முதலுக்கு லாபம் பார்ப்பது குற்றமல்ல, வாங்கியவரும் எட்மன்டன்காரரே. ஆனால் 2012-ல், புதிய அரங்கம் கட்டும் செலவைப் பற்றி நகராட்சியோடு பேச்சு நடந்துகொண்டிருந்தபோது, அவர் சியாட்டில் நகருக்குப் போய் வந்தார். அணியைக் கொண்டுபோய்விடுவாரோ என்று ஊர் கலங்கியது. பிறகு பத்திரிகை விளம்பரம் மூலம் மன்னிப்புக் கேட்டார். நகராட்சிப் பணமும் சேர்ந்து கட்டிய அரங்கம் 2016-ல் திறக்கப்பட்டது. முப்பது பேர் கையில் இருந்தபோது அந்தக் கலக்கம் இல்லை என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

நம் கருத்து இதுதான். ஒரு தொழிலின் கடனுக்கு நன்றாக நடக்கும் இன்னொரு தொழிலைப் பலியாக்கக் கூடாது. ஒற்றுமை பெரிது, ஆனால் அந்த ஷரத்து இல்லாவிட்டால் எட்மன்டன்காரர்களின் ஒற்றுமை வெறும் கோஷமாகவே முடிந்திருக்கும். பணம் கேட்டு வருபவரிடம் பேரம் பேச, முன்கூட்டியே எழுதி வைத்த உரிமை வேண்டும்.

கடை வாடகை ஒப்பந்தம் எழுதும்போதும், கூட்டு வியாபாரத்தில் இறங்கும்போதும் "விற்பதானால் முதலில் யாருக்கு?" என்ற வரி அதில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் எழுதச் சொல்லுங்கள். கையெழுத்துப் போட்ட பிறகு வருந்திப் பயனில்லை.