மாலை கட்டுகிற வீட்டில் கணக்கு வராதா?

கலையைக் காட்டிக் கணக்கு நடத்தலாம் என்றால் உடனே மோனாலிசாவையும் பொன் விகிதத்தையும் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். அதற்கு டாவின்சி கைப்பட எழுதிய ஆதாரம் எதுவும் கிடையாது. தோவாளை மாணிக்க மாலையோ கண்முன்னே இருக்கிறது: அரளியும் நொச்சியிலையும், வரிசை வரிசையாகச் சமச்சீர். கிஃப்ட் சிரோமணி 1970களிலேயே கோலத்துக்குக் கணித இலக்கணம் வகுத்தார். 'மாலையைக் காட்டினா தேற்றம் வந்துருமா?' என்பீர்கள். வராது, நிறுவலைத் தனியாகத்தான் படிக்க வேண்டும். ஆனால் கேள்வி இங்கேதான் பிறக்கும். நீளத்தையும் அகலத்தையும் இரட்டித்தால் பூ ஏன் நாலு மடங்கு? கட்டுகிறவளுக்கு விடை தெரியும். அவள் பிள்ளையிடம் போய் 'ஒனக்குக் கணக்கு வராது' என்று சொல்ல நமக்கு என்ன யோக்கியதை?