உப்பளமும் தரத் தணிக்கையும்

ஓய்மானாட்டு மன்னன் நல்லியக்கோடனைப் பாடும் சிறுபாணாற்றுப்படையில் எயிற்பட்டினம் என்றொரு கடற்கரை ஊர் வருகின்றது. அதுவே இன்றைய மரக்காணம் என்பது ஆய்வாளர் பலரின் துணிபு. வண்டித் தொடரோடு நெடுவழி செல்லும் உப்பு வணிகராகிய உமணரும் அந்நூலில் காட்சி தருவர். மரக்காணம் பூமீசுவரர் கோயிலின் சோழர் காலக் கல்வெட்டுகளிலும் உப்பளச் செய்திகள் உள்ளன. இவற்றையெல்லாம் வகுப்பறையில் எடுத்துச் சொல்லிப் பெருமிதம் கொள்ளும் நாம், அவ்வூர் உப்பளத்திடமிருந்து இன்று கற்றுக்கொள்ள வேண்டிய பாடம் வேறொன்று உண்டு. தரத் தணிக்கைக்கு எவ்வாறு ஆயத்தமாவது என்பதே அது.

1994ஆம் ஆண்டு பல்கலைக்கழக மானியக் குழுவின் கீழ், பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்டு தேசிய மதிப்பீட்டு மற்றும் தரச்சான்றுக் குழு தோன்றிற்று. 'நாக்' என்று நாம் சுருக்கி வழங்கும் அக்குழு ஏழு அடிப்படைகளை வகுத்துக்கொண்டு கல்லூரிகளை மதிப்பிட்டு வந்துள்ளது. நோக்கம் உயர்ந்ததே. ஆயினும் அதற்கு ஆயத்தமாகும் முறையோ நாடெங்கும் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கின்றது. குழு வரும் நாள் தெரிந்தவுடன் சுவர்கள் வெள்ளை பூசிக்கொள்கின்றன. பூந்தொட்டிகள் வாடகைக்கு வருகின்றன. மூன்றாண்டுகளுக்கு முன் நடந்த கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பு இன்றிரவு எழுதப்படுகின்றது. ஒரே பேனா, ஒரே மை, ஒரே கையெழுத்தில் மூன்றாண்டு வரலாறு பிறந்துவிடும்! பார்ப்பவர் அறியார் என்று எண்ணுவது நம் அறியாமையன்றி வேறென்ன?

உப்பளத்தில் இது நடவாது. அங்கே தரம் என்பது நாள்தோறும் அளக்கப்படுவது. கடல்நீரின் அடர்த்தி போமே அளவுகோலில் ஏறத்தாழ மூன்று அல்லது மூன்றரை டிகிரி இருக்கும். அந்நீரைப் பாத்தி பாத்தியாக மாற்றி வெயிலில் காய வைக்கின்றனர். அடர்த்தி ஏற ஏற முதலில் சுண்ணாம்புச் சத்தும் ஜிப்சமும் அடியில் படியும். இருபத்தைந்து டிகிரியை எட்டும்போதுதான் சமையல் உப்பு மணி கட்டத் தொடங்கும். ஏறத்தாழ இருபத்தொன்பதைத் தாண்டவிட்டாலோ மக்னீசிய உப்புகளும் உடன் படிந்து, உப்பு கசக்கும். காற்றின் ஈரத்தை இழுத்துக் கசியும். ஆகவே எஞ்சிய கசப்பு நீரை உரிய வேளையில் வடித்துவிட வேண்டும். முந்தினால் ஜிப்சக் கலப்பு, பிந்தினால் கசப்பு. நடுவிலுள்ள அந்த நான்கு டிகிரிக்குள்தான் ஒரு பருவத்தின் உழைப்பு முழுவதும் அடங்கியிருக்கின்றது. நீரின் நிறத்தையும் மணியின் பருமனையும் கொண்டே அந்நிலையைக் கணித்துவிடும் மூத்த தொழிலாளர்களும் உண்டு. மிதித்துக் கெட்டிப்படுத்தாத பாத்தியில் மண் கலந்த உப்பே விளையும். அதனை ஆய்வாளர் வரும் நாளில் எவராலும் வெண்மையாக்க முடியாது.

அயோடின் செய்தி இதனினும் நுட்பமானது. அயோடின் கலவாத உப்பை நேரடி உணவுக்கென விற்பதற்கு இருந்த தடை 2000ஆம் ஆண்டில் விலக்கப்பட்டு, 2006 மே 17 முதல் மீண்டும் நடைமுறைக்கு வந்தது. கடையில் விற்பனைக்கு இருக்கும் உப்பில் பத்து இலட்சத்துக்குப் பதினைந்து பங்கு அயோடினேனும் இருத்தல் வேண்டும் என்பது விதி. உற்பத்தி நிலையிலோ அதைவிடக் கூடுதலாகச் சேர்க்கின்றனர். ஏன்? ஈரத்திலும் வெயிலிலும் மூட்டை கிடக்குங்கால், வழியிலேயே ஒரு பகுதி குறைந்துவிடும் என்பதை அறிந்தே அவ்வாறு செய்கின்றனர். உற்பத்தி செய்யுமிடத்தில் சோதித்து எழுதிய ஏடு ஒன்று. வாங்குபவர் வீட்டு அடுக்களையில் இருப்பது மற்றொன்று. பின்னதே உண்மையான தரம். நம் பட்டதாரிகளையும் இப்படித்தானே அளக்க வேண்டும்? பட்டம் பெற்ற நாளின் மதிப்பெண்ணைப் பதிவு செய்கின்றோம். ஐந்தாண்டு கழித்து அம்மாணவரிடம் எஞ்சியிருக்கும் தமிழ் எவ்வளவு என்பதை யார் சோதித்தார்?

தணிக்கையே வேண்டா, அது வெறும் நாடகம் என்பாரும் நம்மிடையே உளர். 2025 பிப்ரவரியில் கையூட்டு வழக்கொன்றில் மதிப்பீட்டுக் குழுவினர் சிலரை மத்தியப் புலனாய்வுத் துறை கைது செய்தபோது அவர்கள் குரல் இன்னும் உயர்ந்தது. நாம் அக்கருத்தினர் அல்லோம். எடைக்கல் பொய்த்ததென்று தராசையே கடலில் எறிவார் உண்டோ? சோதித்தல் என்பது நம் சமுதாயத்துக்குப் புதியதும் அன்று. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கடைவீதியில் ஒரு தானியக் குவியலுக்குள் கைவிட்டு, உள்ளே ஈரம் இருக்கக் கண்ட செய்தியை நம் பெரியோர் நன்கறிவர். மழையில் நனைந்தது என்றார் வணிகர். நனைந்ததை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்கலாகாதா என்பதே அண்ணலார் கேட்ட கேள்வி. தானியம் நனைந்ததைக் குற்றமாகச் சொல்லவில்லை. அதை அடியில் மறைத்ததையே கண்டித்தார்கள். தணிக்கைக்கு ஆயத்தமாவது என்றால் நனைந்ததை மேலே எடுத்து வைப்பது என்றே நாம் கொள்கின்றோம். நம் கோப்புகளிலோ உலர்ந்த மணிகள் மட்டுமே மேலே இருக்கின்றன.

எனினும் உப்பளத்தின் முறையிலும் ஒரு குறை உண்டு. அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். ஆய்வுக்கூடம் உப்பின் ஈரத்தை, கரையாத மாசினை, அயோடினைக் கேட்கும். அதனை வாரியெடுத்த காலின் வெடிப்பைக் கேளாது. விடியுமுன் அளத்தில் இறங்கிய பெண்ணுக்கு ஒதுங்க ஓர் இடம் உண்டா, நிழல் உண்டா, குடிநீர் உண்டா என்று அப்படிவத்தில் ஒரு கட்டமும் இல்லை. வெண்மணிப் பரப்பில் பட்டுத் தெறிக்கும் வெயில் கண்ணை என்ன செய்கின்றது என்பதும் அதில் இல்லை. பொருளுக்குச் சான்று கிடைத்துவிடுகின்றது. கை கணக்கில் வரவில்லை.

நம் ஏடுகளிலும் இதுவே நிகழ்கின்றது. மரக்காணம் கரையிலிருந்து கல்லூரிக்கு வரும் பிள்ளைகளுக்கு மாசி, பங்குனி, சித்திரை என்பவை தேர்வுக் காலம் மட்டுமல்ல. உப்பு நன்கு விளையும் காலமும் அதுவே. வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் அளத்தில் வேலையில்லை. ஆகவே கோடையில் ஈட்டுவதைக் கொண்டே மழை மாதங்களைக் கழிக்க வேண்டும். அவ்வேளையில் வீட்டில் ஒரு கை குறைந்தால் மகனோ மகளோ அளத்துக்குச் செல்வது இயல்பு. வருகைப் பதிவேட்டில் நாம் குறிப்பது 'வரவில்லை' என்பது மட்டுமே. எழுபத்தைந்து விழுக்காட்டுக்குக் கீழே இறங்கியதும் தண்டத் தொகை. அதற்கும் கீழே இறங்கினால் தேர்வு எழுத இயலாது. மதிப்பீட்டுப் படிவத்தில் இடைநின்றோர் என்று ஓர் எண் மட்டும் நிற்கும். அவ்வெண் சிறிதாக இருந்தால் நாம் மகிழ்கின்றோம். பெரிதாக இருந்தால் எங்கே ஒளிப்பது என்று எண்ணுகின்றோம்.

ஆகவே நம் துறை அளவிலேனும் உடனே செய்யத்தக்க ஒன்றை ஆசிரியப் பெருமக்கள் முன் வைக்கின்றோம். வருகைப் பதிவேட்டில் 'காரணம்' என்று ஒரு பத்தி கூடுதலாக இழைக்கப்பட வேண்டும். வாரந்தோறும், அந்த வாரமே, அந்தந்த வகுப்பாசிரியர் தம் கையால் அதை நிரப்ப வேண்டும். அளத்துக்குச் சென்றார், படகுக்குச் சென்றார், தாய்க்கு உடல்நலமில்லை, பேருந்துக்குக் காசில்லை என்று உள்ளது உள்ளபடியே எழுதட்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை துறைக் கூட்டத்தில் அதை வாசித்து, தண்டத் தொகையைச் சமுதாயப் பெரியோர் ஏற்பதா, மாலையில் தனி வகுப்பு வைப்பதா என்று முடிவு செய்யலாம். செலவு ஒரு கோடு இழுக்கும் செலவுதான். குழு வரும் நாளில் அந்தப் பதிவேட்டையே முதற்கோப்பாக மேசைமேல் வைப்போம்.